மண்ணை வாரித் தூற்றிய ஆட்டம்

இன்று மதியம் பொம்மைப் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், உன் முக்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற புதுப்பெண் தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ரசம் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தேன். பெரிய மைதானம். கறுப்புச் சட்டை போட்ட பதினைந்து ஆண்கள் தொடையில் அறைந்து, நாக்கை நீட்டி, கண்ணை உருட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். நியூசிலாந்துக்காரர்கள். ரக்பி ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எதிரணியைப் பார்த்து அவர்கள் ஆடுகிற போர் நடனம் அது, ஹாக்கா என்று பெயர். எதிரே வெள்ளைச் சட்டைக்காரர்கள் வளைந்து நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இவங்க இவ்ளோ கத்துறாங்க, அவங்க என்னாக்கா ஒண்ணுமே பண்ணாம நிக்கிறாங்க? பயமா இருக்குதாக்கா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

கையில் இருந்த சோற்றைத் திரும்ப டப்பாவிலேயே போட்டேன். செத்தும் கெடுத்தான் என்பார்களே, அது உனக்காகவே சொன்னது. நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட விடமாட்டாயா நீ?

நமக்குள் முதல் நாளிலிருந்தே ஆகாது. கல்லூரியில் பி.டி. சார் எங்கேயோ ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு, முட்டை மாதிரி ஒரு பந்தோடு திரும்பி வந்தார். கபடியில் கழித்து விடப்பட்டவர்கள் எல்லாம் அவர் பின்னால் போய் நின்றோம். நீ என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “சார், இது அப்பளம் மாரி இருக்குது சார், தொட்டா நொறுங்கிடும்” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், சாரும் சிரித்தார். உன் தலையில் வழிந்த விளக்கெண்ணெய் நாற்றம் எனக்கு அன்றே குமட்டிற்று.

அப்புறம் அந்த மனுஷன் நம் இரண்டு பேரையும்தான் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். ஏழு பேர் ஆடுகிற ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் மும்மூன்று பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, கிடா முட்டுவதுபோல முட்டித் தள்ள வேண்டும். நடுவில் நான், இடப்பக்கம் நீ. மூன்று வருஷம் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, என் காதுக்குள் மூச்சு விட்டுக்கொண்டு, “தள்ளுடி, தின்ன சோறு எங்க போச்சு, தள்ளுடி” என்று திட்டிக்கொண்டே நின்றவள் நீ. ஆட்டம் முடிந்ததும் முகம் கொடுத்துப் பேசமாட்டோம். பஸ்ஸில் நீ முன்னால், நான் பின்னால்.

எனக்கு அந்த விளையாட்டு வேண்டியிருந்தது. அது உனக்கும் தெரியும். திட்டக்குடியில் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டு அப்பா சொல்லியிருந்தார்: மாநில அணிப் பயிற்சி முகாமுக்கு என் பெயர் வந்தால் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம், விளையாட்டு ஆசிரியர் படிப்புக்கும் அனுப்பலாம். வராவிட்டால் தை மாதம் முகூர்த்தம். திருச்சிக்குப் போட்டி ஆடப் போகும்போது வேப்பூரில் டீ குடிக்க இறங்கினோமே, அங்கே மற்ற பெண்களிடம் இதைச் சொல்லி அழுதேன். நீ பக்கத்தில் நின்று வடையைப் பிய்த்துத் தின்றபடி கேட்டாய். “அழுதா பேரு வந்துடுமா? நாளைக்கு ஆடு” என்றாய். ஆறுதல் சொல்ல உனக்கு வராது என்பதும் தெரிந்த விஷயம்தான்.

அன்று சாயங்காலம் தங்கின இடத்தில் சார் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அரையிறுதிக்குப் போனால் நம்மோடு மோதப் போகிற அணி மேற்கே ஒரு பெரிய ஊர்க் கல்லூரி. அவர்கள் அந்தப் போர் நடனத்தைப் படம் பார்த்துக் கற்றுக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஆடுகிறார்களாம், அதைக் கண்டே பாதி அணிகள் சுருண்டு போகின்றனவாம். அதற்கு என்ன பதில் செய்வது என்று பேச்சு. சார் தன் லேப்டாப்பில் வெளிநாட்டு அணிகள் என்ன செய்கின்றன என்று போட்டுக் காட்டினார். ஒரு அணி மூக்கோடு மூக்கு உரசுகிற தூரம்வரை நடந்துபோய் நின்றது. ஒரு அணி நடனம் முடிந்த பிறகும் இடத்தைவிட்டு நகராமல் நிமிஷக் கணக்கில் முறைத்தது. ஒருவன் கண்டுகொள்ளாமல் மூலையில் போய்ப் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். சிலர் பாட்டுப் பாடினார்கள்.

நம் பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி குலவை போடலாம் என்றாள். இன்னொருத்தி திரும்பி நின்று ஜடை பின்னிக்கொள்ளலாம் என்றாள். நீ மட்டும், “ஆடட்டும் வுடுங்க. ஆடி முடிச்சா மூச்சு வாங்கும். மூச்சு வாங்கறவள முட்டறது ஈஸி” என்றாய். அது நல்ல யோசனை என்று எனக்கே தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. கடைசியில் சார் முடிவு சொன்னார். ஏழு பேரும் முழங்கையோடு முழங்கை கோத்துக்கொண்டு நிற்க வேண்டும், கண்ணை நேராகப் பார்க்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. “என்ன ஆனாலும் கைய மட்டும் விட்றாதீங்கம்மா” என்றார்.

மறுநாள் காலையில் ஷாமியானாவுக்குக் கீழே மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மா, காலை ஆட்டம் முடிந்தபோது என்னைக் கூப்பிட்டு, “நடுவுல நீதானே ஆடுற? நல்லா ஆடுறம்மா” என்று முதுகில் தட்டினார். அந்தக் கை பட்ட இடம் நாள் முழுக்கச் சூடாக இருந்தது எனக்கு. தை மாதத்தைத் தாண்டிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அரையிறுதிக்கு நின்றோம். கை கோத்தோம். எதிரே அவர்கள் ஆடினார்கள், நன்றாகவே ஆடினார்கள். தரை அதிர்ந்தது. நமக்குப் புரியாத மொழியில் என்னென்னவோ கத்திவிட்டு, கடைசி வரியைத் தமிழில் போட்டார்கள். நமக்கென்றே ராத்திரி உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

“பொம்மை ஊருப் பொண்ணுங்களா, போட்டா ஒடைவீங்கடி!”

பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம் ஏழு பேரில் பாதிப்பேர் லீவு நாளில் நம் ஊர்ப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் அச்சில் மண்குழம்பு ஊற்றிக் கூலி வாங்கியவர்கள்தான். நகக்கண்ணில் வெள்ளை மண் போகாமல் இருந்தவர்கள்தான். எனக்கும் சுருக்கென்றது. ஆனாலும் விழுங்கிக்கொண்டேன். விழுங்கத்தான் போயிருந்தேன் அங்கே.

நீ விழுங்கவில்லை. என் முழங்கை மடிப்பிலிருந்து உன் கையை வெடுக்கென்று உருவினாய். இரண்டடி முன்னால் போனாய், குனிந்தாய், இரண்டு கையாலும் மைதானத்து மண்ணை அள்ளினாய். தலைக்கு மேல் தூக்கி அவர்களைப் பார்த்துத் தூற்றினாய். “நாசமாப் போவீங்கடி!”

நம் பக்கத்தில் தெருச் சண்டையில் அதுதான் கடைசி. கெட்ட வார்த்தை எல்லாம் தீர்ந்து, முடியைப் பிடித்து இழுத்தும் ஆத்திரம் தீராதபோது ஒரு பொம்பளை மண்ணை வாரித் தூற்றுவாள். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் தலைமுறைக்கும் பேச்சு இருக்காது. விளையாட்டு மைதானத்தில் அதைச் செய்தவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். எதிரணியில் பட்டணத்துப் பெண்கள் சிலர் சிரித்தார்கள், இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். அவர்களுடைய கேப்டனுக்கு மட்டும் முகம் வெளுத்துப்போனது. எங்கேயோ கிராமத்துப் பெண் போலிருக்கிறது, அவளுக்குப் புரிந்துவிட்டது.

நடுவர் வடக்கேயிருந்து வந்தவர். விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். எதிரணி மேல் மண்ணை எறிந்தால் சிவப்பு அட்டை, அதோடு ஒரு வருஷத் தடை என்று சாரிடம் இங்கிலீஷில் கத்தினார். அப்போது நீ முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாய்: “எங்க ஊரு டான்ஸ் சார். ரிப்ளை டான்ஸ். அவங்க ஆடினாங்க, நாங்க ஆடுறோம்.”

நடுவர் சந்தேகமாகப் பார்த்தார். “ஆல் டீம்?”

“எஸ் சார். ஆல் டீம்.”

“ஷோ மீ” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார் அவர்.

எப்பேர்ப்பட்ட பொய்! அந்தப் பொய்யில் எங்களைக் கேட்காமலே எங்கள் ஆறு பேரையும் இழுத்துப் போட்டாய். நாங்கள் செய்யாவிட்டால் உனக்குத் தடை. செய்தால் தமிழ் தெரிந்த ஒவ்வொருவர் கண் முன்னாலும் நாங்கள் சாபம் விடுகிற கூட்டம். ஒருத்தி குனிந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேரும் மண்ணை அள்ளிக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் குனியவில்லை. ஷாமியானாவைப் பார்த்தேன். அந்த அம்மா என்னையே பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார்.

நீ திரும்பிப் பார்க்கவில்லை. “ப்ளீஸ்டி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிச்சயம் குனிந்திருக்கமாட்டேன். நீ சொல்லவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றாய். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்குள் என்னவோ கொதித்துக்கொண்டு வந்தது. குனிந்தேன். அள்ளினேன். தூற்றினேன். எதிரணியைப் பார்த்து இல்லை, உன் முதுகைப் பார்த்து. நாசமாய்ப் போ என்று உன் பெயரைச் சொல்லித்தான் தூற்றினேன், வாய்க்குள்ளேயே. என் வாழ்நாளில் அவ்வளவு மனசாரச் செய்த காரியம் வேறில்லை.

நடுவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்கு அது நல்ல நடனமாகப் பட்டிருக்கிறது. பந்து போடுவதற்கு முன்னால் அந்தக் கேப்டன் பெண் நடுக்கோட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். கண்ணில் தண்ணி நின்றது. “ஏன்க்கா? நாங்க வெளையாட்டுக்குத்தானேக்கா பாடினோம். எங்க வூட்ல அண்ணி மாசமா இருக்குது. இப்படி மண்ண வாரித் தூத்திட்டீங்களே.”

“உனக்கு இல்லம்மா. நான் தூத்தினது உனக்கு இல்ல. போய் ஆடு” என்றேன்.

நீ பக்கத்தில்தான் நின்றாய், கேட்டாய். யாருக்கு என்று உனக்குப் புரிந்ததையும் நான் பார்த்தேன். முதல் ஸ்க்ரமில் குனிந்தபோது என் சட்டையை வழக்கம்போலக் கொத்தாகப் பிடித்தாய். அன்று ஒன்றும் திட்டவில்லை. அந்த ஆட்டத்தில் நாம் ஜெயித்தோம். ஆத்திரத்தில் நான் முட்டின முட்டில் எதிரே நின்றவளுக்கு மூச்சு நின்றிருக்கும். இறுதி ஆட்டத்தில் தோற்றோம், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. முகாமுக்குப் பெயர் வாசித்தபோது நம் கல்லூரியிலிருந்து ஒருவர் பெயர்கூட இல்லை. அந்த அம்மா சாரிடம், “ஆட வந்தவங்களா இவங்க? சாபம் விட வந்தவங்களா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

தையில் கல்யாணம். அதற்கும் வந்தாய், வெட்கம் கெட்டவளே. பந்தியில் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாய். மேடைக்கு வந்து, மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தோளு நல்லா இருக்குது, ஸ்க்ரமுக்கு ஆவும்” என்று என் காதில் சொன்னாய். மாலையைக் கழற்றி உன் முகத்தில் அடிக்கலாமா என்றிருந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். அது வேறு விஷயம். நான் போக நினைத்த இடம் அது இல்லை.

சில வருஷம் கழித்து அவர் வேலைக்காக இந்த ஊருக்கே திரும்பி வந்தோம். பொம்மைப் பட்டறையில் வேலை கேட்டுப் போனால், மேஜைக்கு அந்தப் பக்கம் நீ. ஈரப் பொம்மையின் விளிம்பை ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே, “வா, அப்பளம்” என்றாய். அன்றைக்கே திரும்பி வந்திருக்க வேண்டும். வேறு பட்டறையில் கூலி குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எத்தனை சண்டை! நான் துடைத்த பிள்ளையாருக்குத் தும்பிக்கை கோணல் என்பாய். உன் கிருஷ்ணனுக்கு மூக்கு சப்பை என்பேன். ஜன்னலைத் திறந்தால் மூடுவாய், மூடினால் நான் திறப்பேன். டீ வந்தால் என் டம்ளரை எடுத்துக்கொள்வாய். மேஸ்திரி இரண்டு முறை நம்மை வேறு வேறு மேஜைக்கு மாற்றிப் பார்த்தார். இரண்டு முறையும் ஒரு வாரத்துக்குள் நீயே முக்காலியைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாய். “அங்க காத்து வரல” என்பாய்.

ஒருநாள் தாங்காமல் கேட்டேவிட்டேன். “உன்னாலதான்டி என் பொழப்பு இந்த மண்ணுல கெடக்குது. நீ சும்மா நின்னிருந்தா நான் இந்நேரம் ஏதாவது ஸ்கூல்ல பி.டி. டீச்சரு.”

நீ கையில் இருந்த பொம்மையைக் கீழே வைத்தாய். “நான் தூத்தினேன், சரி. உன்ன யாரு குனியச் சொன்னா? நீ நின்னிருக்கலாமில்ல?”

“நான் நின்னிருந்தா உன்னத் தூக்கியிருப்பாங்களேடி!”

“தூக்கட்டுமே. உனக்கென்னா?”

எனக்கென்ன? பதில் இல்லாத கேள்வியை எதிராளியிடம் கேட்பது என்ன நியாயம்? அன்று வீட்டுக்குப் போகும்போதுதான் ஒன்று உறைத்தது. நம் அணியில் நன்றாக ஆடியவள் நீதான். அந்த முகாமுக்கு ஒரே ஒரு பெயர் வந்திருந்தாலும் அது உன்னுடையதாகத்தான் இருந்திருக்கும். உனக்கும்தானே போயிற்று? அதைப் பற்றி ஒரு வார்த்தை நீ பேசினதில்லை. பேசியிருந்தால் நானும் கொஞ்சம் இறங்கி வந்திருப்பேன். அந்தத் திமிர்தான் எனக்கு ஆகவே ஆகாது.

போன மாசி மாதம், நம் கடைசிச் சண்டை ஃபேனுக்காக. உன் பக்கம் திருப்பி வைத்திருந்தாய், நான் என் பக்கம் திருப்பினேன். ஐந்து மணி ஆகிவிட்டதால் பாதியிலேயே விட்டுவிட்டுக் கைப்பையை எடுத்தாய். “பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாளைக்கு வரேன், உனக்கு இருக்குதுடி” என்றாய். மறுநாள் காலையில் நான் பதில்களை எல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு வந்தேன். உன் முக்காலி காலி. விடியற்காலையில் நெஞ்சு வலி என்று எழுந்து உட்கார்ந்தாயாம், தண்ணி கேட்டாயாம், அவ்வளவுதான் என்றார் மேஸ்திரி. இதுவரை எந்தச் சண்டையிலும் நீ பாதியில் ஓடினதில்லை.

நல்லூர்ப் பக்கம் உன் வீட்டுக்குப் பட்டறையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் உன் தலையில் அதே விளக்கெண்ணெய். நம் அணியில் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவளும் வந்திருந்தாள். அன்று உனக்குப் பின்னால் முதலில் குனிந்து மண் அள்ளியவள் அவள்தான். எனக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பொம்பளைகளிடம் பழைய கதையை எல்லாம் சொல்லிவிட்டு, “மண்ண வாரித் தூத்தினா சும்மா விடுமா? அவ வாயும் அவ கையும்தான் அவள வாங்கிடுச்சு” என்றாள்.

ஒரு கணம் பயந்துதான் போனேன். அந்த மண்ணில் உன் பெயரைச் சொன்னவள் நான் அல்லவா? அடுத்த கணம் அது வேறு ஆத்திரமாக மாறிவிட்டது. மண்ணுக்கு அப்படி ஒரு சக்தி இருந்தால், காலையிலிருந்து சாயங்காலம்வரை மண்ணில் புரள்கிற நம் ஊரில் ஒரு உயிர் மிஞ்சாது. எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“நீ தூத்தலையா? நான் தூத்தலையா? நாம கல்லு மாரி உக்காந்திருக்கோமில்ல? எல்லாருக்கும் முன்னாடி அவ ஒருத்திதான்டி பதில் சொன்னா. இன்னொரு வார்த்த பேசினே, பல்லு இருக்காது.”

ஒப்பாரி நின்றுவிட்டது. நாலு பேர் வந்து என் கையைப் பிடித்து இழுத்து விலக்கினார்கள். உன் சித்தப்பா முறை ஒருவர், பெரியவர், என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தார். “அழுவாதம்மா. நீ அவளுக்கு என்னா ஒறவு? கூடப் படிச்ச சினேகிதமா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. எனக்கும் அவளுக்கும் ஆகாதுங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

உண்மையைத்தான் சொன்னேன். இன்றைக்கும் ஆகாது. உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. என் தை மாதத்துக்கு, என் பெயர் வராத அந்தப் பட்டியலுக்கு, என்னைக் கேட்காமல் நீ சொன்ன அந்தப் பொய்க்கு, பாதியில் விட்டுவிட்டுப் போன சண்டைக்கு எல்லாம் சேர்த்து உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அதைத்தான் தினமும் பட்டறைக்குக் கொண்டுபோகிறேன், திரும்பக் கொண்டுவருகிறேன். அதில் யாருக்கும் பங்கு கிடையாது. உன்னைத் திட்ட நான் ஒருத்தி போதும்.